கரைசலிலிருந்து ஒற்றைப் படிகம் வளர்த்தல்

ஒரு பொருளின் அணுக்களோ மூலக்கூறுகளோ குறித்ததோர் ஒழுங்கில் அடுக்கப்பெற்று, அவ்வொழுங்கு அப்பொருளின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரையில் திசை பிறழாமலும் இடையறாமலும் செல்லுமாயின் அதனை ஒற்றைப் படிகம் என்கிறோம். நாம் அன்றாடம் கையாளும் உலோகத் தகடும், உப்புக் கட்டியும், கருங்கல்லும் எண்ணிறந்த சிறு படிகங்கள் வெவ்வேறு திசை நோக்கி நெருங்கிக் கிடக்கும் திரள்களே. பனங்கற்கண்டு எடுப்போர் பாகு ஊற்றிய பாத்திரத்தினுள் நூலைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும்போது, அந்நூலைப் பற்றிக்கொண்டு படிகங்கள் கூட்டங்கூட்டமாக ஒரே சமயத்தில் எழுகின்றன. உண்பதற்கு அது போதும். ஆனால் ஒளியின் போக்கை ஆராய்பவருக்கும், மின்னியல் குணங்களை அளப்பவருக்கும், மூலக்கூற்றின் அமைப்பை எக்ஸ் கதிர்களால் அறிய விரும்புபவருக்கும் கூட்டம் உதவாது. தனித்து நின்று, தன் முகங்களனைத்தையும் பூரணமாகப் பெற்று வளர்ந்த ஒரே படிகம் வேண்டும். 1912-ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் மாக்ஸ் வான் லாவேயின் கருத்தை அனுசரித்துப் பிரீட்ரிக், நிப்பிங் என்னும் இருவர் எக்ஸ் கதிர்களை முதன்முதலில் செலுத்திப் பார்த்தது ஒரு மயில்துத்தப் படிகத்தின் வழியாகவே என்பதை நினைக்கும்போது, சாதாரணமான ஒரு நீர்க் கரைசலிலிருந்து பிறந்த பொருள் விஞ்ஞான சரித்திரத்தில் எத்தகைய ஸ்தானத்தைப் பெற்றுவிட்டது என்ற வியப்பு எழாமல் இராது.

படிகம் வளர்க்கும் மார்க்கங்கள் பல. உருகிய திரவத்தைக் குளிர்வித்து வளர்ப்பது ஒன்று. ஆவியிலிருந்து படியச் செய்வது மற்றொன்று. கரைசலிலிருந்து வளர்ப்பது மூன்றாவது. முதல் வகையில், வெர்னூயி என்னும் பிரெஞ்சு ரசாயன அறிஞர் 1902-இல் அலுமினாத் தூளை ஆக்ஸிஹைட்ரஜன் சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாகப் படியவைத்து மாணிக்கம் வளர்த்த முறையை வெளியிட்டார். போலந்து நாட்டவரான சோக்ரால்ஸ்கி 1916-இல் பெர்லினில் பணியாற்றுகையில், பேனாவை மைக்கூட்டில் தோய்ப்பதற்குப் பதிலாக அருகிலிருந்த மூசையில் உருகிக் கிடந்த வெள்ளீயத்தில் தோய்த்து எடுக்க, அதன் நுனியில் இழை போன்ற உலோகம் தொடர்ந்து வந்ததாகவும், அவ்விழை ஒற்றைப் படிகமாக இருந்ததாகவும் கூறுவர். இன்று 1414 டிகிரி செண்டிகிரேடில் உருகும் சிலிக்கனிலிருந்து பெரிய உருளைகளை மேலே இழுத்தெடுப்பது அவர் பெயரால் வழங்கும் அம்முறையைக் கொண்டே. பிரிட்ஜ்மன் முறையிலோ, கூரிய அடிநுனியுடைய மூசையை உஷ்ணமான பகுதியிலிருந்து குளிர்ந்த பகுதிக்கு மெல்ல இறக்கி, நுனியில் முதலில் உறையும் ஒரு படிகமே முழுத் திரவத்தையும் தன்வயப்படுத்திக்கொள்ளுமாறு செய்கின்றனர். இவையெல்லாம் உருகும்போது சிதையாத பொருள்களுக்கே பொருந்தும். படிகாரத்தைச் சூடேற்றினால் 92 டிகிரியை அண்மித்ததும் அது தன்னுள்ளிருக்கும் படிக நீரிலேயே கரைந்து உருகிவிடுகிறது, கே.டி.பி. எனச் சுருக்கி வழங்கும் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் உருகுமுன்னரே நீரை இழந்து சிதையத் தொடங்கிவிடுகிறது. இத்தகைய பொருள்களுக்குக் கரைசலே கதி. ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தின் சொற்ப சாதனங்களைக் கொண்டு செய்யத்தக்கதும் அதுவேயாதலால், இந்த அத்தியாயம் அதனைப் பற்றியே விரித்துரைக்கும். படிகாரத்தைப் பயிற்சிப் பொருளாகவும், கே.டி.பி.யைச் சங்கடங்களை விளக்கும் உதாரணமாகவும் எடுத்துக்கொள்வோம்.

செய்முறைக்குள் புகுமுன் ஓர் அபிப்பிராயத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். மெதுவாக வளர்ந்த படிகமே நல்ல படிகம் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். அதில் உண்மை உண்டெனினும் அது முழு உண்மையன்று. கே.டி.பி. படிகங்களைப் பழைய முறையில் நாளொன்றுக்கு ஓரிரு மில்லிமீட்டர் வீதம் வளர்த்துவந்த காலத்தில், பெரிய லேசர் யந்திரங்களுக்கு வேண்டிய பருமனை எட்ட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ராஷ்கோவிச் முதலியோர் தொடங்கிவைத்து, பின்னர் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் விருத்தி செய்யப்பட்ட துரித முறையிலோ, வளர்ச்சியின் வேகம் நாளுக்குப் பத்து மில்லிமீட்டரைக் கடந்தது. 318 கிலோகிராம் எடையுள்ள ஒரு படிகம் 52 நாட்களில் வளர்ந்து முடிந்தது. வேகம் பத்து மடங்கு பெருகியும் படிகத்தின் தூய்மை கெடவில்லை. காரணம், அங்கே கரைசலை முன்கூட்டி நன்கு சூடேற்றி, நுண்ணிய வடிகட்டிகளின் வழியே செலுத்தி, புதுப் படிகம் முளைப்பதற்குக் கருவாகக்கூடிய துகள் ஒன்றும் எஞ்சாதபடி செய்திருந்தார்கள். உஷ்ணநிலையையும் நீரோட்டத்தையும் ஒரு கணமும் தடுமாற விடவில்லை. ஆகவே படிகத்தைக் கெடுப்பது வேகம் என்பதைவிட வேகத்தில் நேரும் ஏற்றத்தாழ்வு என்பதே பொருத்தம். நிதானம் வேண்டும் என்று நாம் சொல்லுவதெல்லாம், எளிய சாதனங்களை வைத்துக்கொண்டிருப்பவர் மெதுவாகச் சென்றால்தான் சீராகச் செல்ல முடியும் என்ற காரணம் பற்றியே. இந்த நூலைக் கையிலேந்தி வேலை செய்பவர், எந்தப் படியிலும், இதனால் சீர்மை காக்கப்படுகிறதா குலைகிறதா என்ற கேள்வியையே முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டுமென்பது என் உறுதியான கருத்து.

இனி, கரைசலின் இயல்பு. குறித்ததோர் உஷ்ணநிலையில் நீர் ஏற்கக்கூடிய அளவு முழுவதும் பொருளை ஏற்றுக்கொண்ட கரைசல் பூரித கரைசல். நூறு கிராம் நீர், 20 டிகிரியில் ஏறத்தாழ 11.4 கிராம் படிகாரத்தையும், 30 டிகிரியில் 16.6 கிராமையும், 40 டிகிரியில் 23.8 கிராமையும் கரைத்துக்கொள்ளும். 40 டிகிரியில் பூரிதமாயிருந்த கரைசலைச் சலனமின்றி 38 டிகிரிக்குக் குளிர்வித்தால், மிகையான படிகாரம் உடனே வெளிப்பட்டுவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அவ்வாறு நிகழ்வதில்லை. கரைசல் தெளிவாகவே இருக்கிறது. தன் தகுதிக்கு மிஞ்சிய பாரத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது. இதுவே அதிபூரித நிலை. மேலும் குளிர்வித்துக்கொண்டே போனால் ஓர் எல்லையில் பாத்திரம் முழுவதும் பொடிப் படிகங்கள் திடீரென்று சொரிகின்றன. பூரித நிலைக்கும் இந்தச் சொரிதல் தொடங்கும் எல்லைக்கும் இடைப்பட்ட குறுகிய பிரதேசத்தை ஆஸ்ட்வால்ட் 1897-இல் தனியாகப் பிரித்துக் காட்டி அதற்கொரு பெயரும் இட்டார். தமிழில் அதனைச் சிறுநிலைப் பிரதேசம் என்று இந்நூலில் வழங்குவோம். அங்கே புதிய கரு தானாகத் தோன்றாது; ஆனால் ஏற்கெனவே இருக்கும் படிகம் வளரும். படிகம் வளர்ப்பவரின் சாமர்த்தியம் முழுவதும் கரைசலை இந்தப் பிரதேசத்தினுள், அதுவும் பூரித நிலையை ஒட்டிய பக்கத்தில், வாரக்கணக்கில் நிறுத்திவைப்பதில் அடங்கியிருக்கிறது. பிரதேசத்தின் அகலம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். அதே பொருளிலும் தூசியும் அசைவும் மிகுந்தால் குறுகும், சுத்தியும் முன்சூடும் மிகுந்தால் விரியும்.

இவ்விடத்தில் தத்துவம் பற்றி ஒன்று சொல்லிச் செல்லலாம். முற்றும் குறையற்ற, சமதளமான படிக முகத்தின்மேல் புதிய அடுக்கு ஒன்று தொடங்க வேண்டுமாயின் பல மூலக்கூறுகள் ஒரே இடத்தில் தற்செயலாகக் கூடி ஒரு தீவை அமைக்க வேண்டும். அதற்கு இருபத்தைந்து சதவிகிதத்துக்கு மேற்பட்ட அதிபூரிதம் தேவையென்று கணக்கு கூறிற்று. ஆனால் வால்மரும் ஷூல்ட்ஸும் 1931-இல் அயோடின் படிகம் ஒரு சதவிகித அதிபூரிதத்திலேயே வளர்வதைக் கண்டனர். இந்த முரண்பாட்டை 1949-இல் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த பிராங்க் தீர்த்துவைத்தார். படிகத்தினுள் அடுக்குகள் திருகுபோல் ஒன்றன்மேலொன்று ஏறிச் செல்லும் ஒரு குறை இருக்குமானால், முகத்தின்மேல் ஒரு படிக்கட்டின் விளிம்பு எப்போதும் எஞ்சி நிற்கும். மூலக்கூறுகள் அதை நீட்டிக்கொண்டே போகலாம். எவ்வளவு நீட்டினாலும் அது சுழன்று வருமேயன்றித் தீராது. அடுத்த ஆண்டே பெரில் என்னும் கனிப்பொருளின் முகத்தில் இச்சுருள்களைக் கிரிபின் உருப்பெருக்கியில் கண்டார். நமது சொற்ப அதிபூரிதத்தில் படிகம் வளர்வது, அதனுள் இருக்கும் ஒரு குறையின் பயனாகவே என்பது இவ்வித்தையின் அழகிய உண்மைகளுள் ஒன்று.

முதற் பணி சுத்தி செய்தல். கடையில் கிடைக்கும் படிகாரக் கட்டி முகச்சவரத்துக்கு ஏற்றதே தவிர நமக்கு ஏற்றதன்று. ரசாயனக் கடையில் பகுப்பாய்வுத் தரத்தில் விற்பனையாகும் பொருளை வாங்கி, அதனையும் இருமுறையேனும் வாலைநீரில் கரைத்து, வடித்து, மீண்டும் படியச் செய்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் கரைசலின் கடைசிப் பகுதியைச் சேர்க்காமல் நீக்கிவிட வேண்டும், அசுத்தங்கள் பெரும்பாலும் அதிலேயே தங்கிவிடுகின்றன. கரைக்கும்போது உஷ்ணநிலையை 60 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டிய அவசியமில்லை. ஒரு லிட்டர் நீரில் 238 கிராம் படிகாரம் இட்டு நன்றாகக் கிளறி முற்றும் கரைந்தபின், சூடாக இருக்கும்போதே நல்ல வடிதாளின் வழியே வடித்து, முன்னமே வாலைநீரில் கழுவிச் சூடேற்றிவைத்த கண்ணாடிப் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். வடித்த கரைசலைப் பூரித நிலைக்குப் பத்துப் பதினைந்து டிகிரி மேலே, ஓரிரவு மூடி வைத்திருப்பது மிக நன்று. கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் துணுக்குப் படிகங்கள் அதனால் கரைந்துபோகின்றன. இந்த ஓரிரவைப் பலர் வீண் என்று கருதிக் கைவிடுகின்றனர். பின்னால் பாத்திரத்தின் அடியில் வேண்டாத படிகங்கள் முளைத்துக் கிடப்பதைக் கண்டு வருந்துவோரில் பெரும்பாலோர் அவர்களே.

மேற்கொண்டு வளர்ப்பதற்கான தொடக்கப் படிகமாகிய விதைப் படிகம் எடுக்கச் சிறிதளவு கரைசலை ஆழமற்ற கண்ணாடித் தட்டில் ஊற்றி, தூசி விழாதபடி மூடி, அசைவற்ற இடத்தில் வைத்தால் இரண்டொரு நாட்களில் பல சிறு படிகங்கள் தோன்றும். அவை ஒன்றையொன்று தொடுமுன்னர், மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் அளவிலேயே எடுத்துவிட வேண்டும். எட்டு முகங்களும் கூர்மையாக அமைந்து, உள்ளே வெண்புகை போன்ற மறைப்போ குமிழோ இல்லாது, வேறொரு படிகத்தோடு ஒட்டிப் பிறக்காததாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அவசியம். இங்கே காட்டும் தாராளம் பின்னர் நஷ்டமாக முடியும். விதையிலுள்ள குறை அதன்மேல் வளரும் படிகத்துள்ளும் தொடர்ந்து செல்லும். தேர்ந்த விதையை மெல்லிய நைலான் இழையில் சுருக்கிட்டுத் தொங்கவிடலாம். இழை படிகத்தினுள்ளே புதையுண்டு, அதனைச் சுற்றிக் கரைசல் சிறைப்படுவது உண்டாதலால், ஒளியியல் சோதனைக்கு வளர்ப்போர் கண்ணாடியைப் போல் தெளிவான அக்ரிலிக் தாங்கி ஒன்றின்மேல் விதையைப் பொருத்துவதையே விரும்புவர்.

விதையை இறக்குமுன் கரைசலின் பூரித உஷ்ணநிலையைச் சரியாக அறிய வேண்டும். அட்டவணையில் உள்ள எண் வழிகாட்டுமேயன்றி, நமது பாத்திரத்திலுள்ள கரைசலின் உண்மை நிலையைக் கூறிவிடாது. இதற்கோர் எளிய, நுட்பமான உபாயம் உண்டு. உதவாத ஒரு படிகத்துண்டைக் கரைசலில் தொங்கவிட்டு, பாத்திரத்தின் பின்புறத்தில் ஒரு விளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். படிகம் கரைந்துகொண்டிருந்தால் அதனை ஒட்டியுள்ள கரைசல் கனம் கூடி, வெயிலில் தரைமேல் எழும் கானலைப் போன்ற மெல்லிய கோடுகளாகக் கீழ்நோக்கி இறங்கும். வளர்ந்துகொண்டிருந்தால் அப்பகுதி கனம் குறைந்து, அதே கோடுகள் மேல்நோக்கி எழும். உஷ்ணநிலையைச் சிறிது சிறிதாக மாற்றி, கோடுகள் இறங்குவதும் எழுவதும் நின்றுபோகும் இடத்தைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டால் அதுவே பூரித நிலை. விலையுயர்ந்த கருவி ஒன்றும் இன்றி, கண்ணும் விளக்கும் கொண்டு ஒரு டிகிரியின் சிறு பின்னம் வரையில் அறியலாம்.

கரைசலைப் பூரித நிலைக்கு அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை மேலே வைத்துக்கொண்டு விதையை இறக்க வேண்டும். உலர்ந்த விதையின்மேல் எப்போதும் பொடிப் படிகங்கள் ஒட்டியிருக்கும். அவை உதிர்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு கருவாகிவிடும். ஆதலால் விதையை வாலைநீரில் ஒரு கணம் முக்கியெடுத்து, கரைசலின் உஷ்ணத்துக்கு அதனையும் பழக்கி, பின்னரே உள்ளே விட வேண்டும். குளிர்ந்த விதையைச் சூடான கரைசலில் இட்டால், அதனைச் சுற்றியுள்ள கரைசல் திடீரென்று குளிர்ந்து, அங்கேயே புதுக் கருக்கள் பிறப்பதோடு விதையும் விரிசல் காணலாம். உள்ளே சென்ற விதையின் மேற்பரப்புச் சற்றுக் கரைந்து, முனைகள் மழுங்கும்வரை பொறுத்திருந்து, பின்பு பூரித நிலைக்குக் கொணர்ந்து, அதிலிருந்து குளிர்விக்கத் தொடங்குவது முறை. மழுங்கிய விதை முதலில் தன் முகங்களை மீட்டுக்கொள்ளும். இழந்த உருவை அது மீட்கும் பகுதியில் குறைகள் மிகுவது இயல்பு. தகடாக அறுத்த கே.டி.பி. விதையின்மேல் கூர்நுனிக் கோபுரம் எழும்வரை பால்போன்ற மங்கலான பகுதியே உண்டாகிறது. அதற்கு மேற்பட்ட பகுதியே தெளிவாக அமைகிறது. ஆரம்ப நாட்களில் அதிபூரிதத்தை மிகக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டுவது இதனாலேதான்.

எவ்வளவு வேகத்தில் குளிர்விப்பது? நாளொன்றுக்கு இத்தனை டிகிரி என்று ஒரே எண்ணைக் கூறிவிடும் நூல்கள் வாசகரைத் தவறான வழியில் செலுத்துகின்றன என்று நான் கருதுகிறேன். ஏனெனில் படிகம் ஏற்றுக்கொள்ளும் பொருளின் அளவு அதன் மேற்பரப்பைப் பொறுத்தது, மேற்பரப்போ நாளுக்கு நாள் பெருகுவது. கணக்கிட்டுப் பார்ப்போம். படிகாரத்தின் அடர்த்தி கன செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.76 கிராம். ஒரு செண்டிமீட்டர் விளிம்புள்ள எண்முகப் படிகத்தின் மேற்பரப்பு சுமார் மூன்றரைச் சதுர செண்டிமீட்டர். ஒவ்வொரு முகமும் நாளுக்கு அரை மில்லிமீட்டர் முன்னேற வேண்டுமாயின் அதற்கு 0.3 கிராம் படிகாரம் போதும். 40 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையில் ஒரு லிட்டர் நீரைக் கொண்ட கரைசல் ஒரு டிகிரி குளிரும்போது சராசரியாக ஏழு கிராம் படிகாரத்தை வெளிவிடும். ஆகவே அப்பருவத்தில் நாளொன்றுக்கு 0.04 டிகிரி குளிர்வித்தாலே போதுமானது. அதே படிகம் மூன்று செண்டிமீட்டர் விளிம்பை எட்டியதும் மேற்பரப்பு ஒன்பது மடங்காகிவிடுவதால் 0.4 டிகிரி வரை குளிர்விக்கலாம். தொடக்கத்திலேயே 0.4 டிகிரி குளிர்வித்தவர், சிறு விதையால் ஏற்கமுடியாத மிகைப்பொருளைக் கரைசலில் சேர்த்துக்கொண்டே போகிறார். அது ஒரு நாள் பாத்திரத்தின் அடியில் பொடியாகச் சொரிவதில் ஆச்சரியம் ஏதுமில்லை. தம் படிகத்தின் அளவை வாரத்துக்கொருமுறை பாத்திரத்தின் வெளியிலிருந்தே அளந்து, இவ்வாறு கணக்கிட்டுக் குளிர்விப்பின் அளவை மாற்றிக்கொள்வது ஒவ்வொருவருக்கும் கைவர வேண்டிய பழக்கம்.

நாளுக்கு நூற்றில் சில பங்கு டிகிரி குளிர்விக்க வேண்டுமென்றால், உஷ்ணநிலையும் அதே நுட்பத்தில் நிலைத்திருக்க வேண்டுமென்பது சொல்லாமலே விளங்கும். ஆகவே வளர்ப்புப் பாத்திரத்தை, நூற்றில் ஒரு பங்கு டிகிரிக்குள் கட்டுப்படுத்தும் ஸ்திர உஷ்ணத் தொட்டியினுள் வைக்கின்றனர். தொட்டி எவ்வளவு பெரியதாகவும், வெளிச்சுவர் எவ்வளவு கனமான காப்புடையதாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மின்சாரம் நின்றுபோகும் வேளைகளில் தொட்டி நீரின் கனமே நம்மைக் காப்பாற்றும். நம் ஊர்களில் மின்தடையை எதிர்பாராமல் மாதக்கணக்கில் நடக்கும் வளர்ப்பைத் தொடங்குவது விவேகமன்று; மாற்று மின்கலம் ஒன்றைத் தொட்டியோடு இணைத்தே வைக்க வேண்டும். தொட்டி இல்லாதவர் கரைசலை அறை உஷ்ணநிலையில் மெல்ல ஆவியாகவிட்டு வளர்க்கலாம். முகவையின் வாயை ஊசித்துளையிட்ட தாளால் மூடி, துளைகளின் எண்ணிக்கையால் ஆவியாதலின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எங்கும் கையாளப்படும் முறை. ஆனால் பகலில் வெப்பமும் இரவில் குளிர்ச்சியும் மாறிமாறி வருவதால், பகலில் படிகம் சற்றே கரைவதும் இரவில் விரைந்து வளர்வதுமாக ஒன்றன்மேலொன்றாகத் திரைகள் படிந்துவிடுகின்றன. முகவையை நீர் நிரம்பிய பெரிய அண்டாவினுள் வைத்து, அறையின் உட்புறத்தில், ஜன்னலுக்கும் மின்விசிறிக்கும் அப்பால் நிறுத்தினால் இத்தொல்லை வெகுவாகக் குறையும். ஆவியாதலில் இன்னொரு சங்கடம், கரைசலின் மேல்விளிம்பில் உப்பு ஏறிப் பொருக்குத் தட்டி, அதிலிருந்து துணுக்குகள் உள்ளே விழுவது. மூடியின் உட்புறத்தில் பனிக்கும் நீர் சுவர்வழியே இறங்கி அப்பொருக்கைக் கழுவுமாறு மூடியைச் சற்றுக் குவிந்ததாக அமைத்தல் நலம்.

அசைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசையாத கரைசலில் படிகத்தை ஒட்டிய பகுதி பொருளை இழந்து மேலெழ, முகத்துக்கு முகம், ஒரே முகத்திலும் நடுவுக்கும் விளிம்புக்கும் ஊட்டம் வேறுபடுகிறது. பசித்த நடுப்பகுதி பின்தங்க, விளிம்புகள் முந்திச் சென்று இடையில் கரைசலை மூடிச் சிறைப்படுத்துகின்றன. வெண்புகை போன்ற மறைப்புகள் பெரும்பாலும் இவ்வாறு பிறந்தவையே. ஆகவே விதைத் தாங்கியைச் சுழற்றுகிறார்கள். ஒரே திசையில் சுழற்றினால் கரைசலும் அதனோடு கூடவே சுழன்று பயனற்றுப் போவதால், சிறிது நேரம் வலமாகவும், நிறுத்தி, சிறிது நேரம் இடமாகவும் மாற்றிச் சுழற்றும் மோட்டாரைப் பொருத்துவது வழக்கம். சுழற்சியில் அதிர்வு கூடாது. தாங்கி பாத்திரத்தில் உரசவும் கூடாது. உரசும் ஒவ்வொரு தடவையும் கருக்கள் உதிர்கின்றன.

எவ்வளவு கவனமாக இருந்தும் அடியில் வேண்டாத படிகம் ஒன்று தோன்றிவிட்டால் என்ன செய்வது? ஒன்றிரண்டாக, விதைக்கு எட்டாத தூரத்தில் இருப்பின் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவை நமது படிகத்துக்குரிய பொருளில் பங்கு கொள்ளுமாதலால் கணக்கு மாறும் என்பதை மறக்கலாகாது. பலவாகத் தோன்றினால், படிகத்தை வெளியே எடுத்துவிட்டுக் கரைசலைச் சூடேற்றி, வடித்து, முதலிலிருந்து தொடங்குவதே சரி. படிகத்தை உள்ளே வைத்துக்கொண்டே சூடேற்றி, வேண்டாதவற்றை மட்டும் கரைத்துவிடலாம் என்ற ஆசை பெரும்பாலும் நிறைவேறுவதில்லை.

அசுத்தங்களின் விளைவைக் கே.டி.பி. போல் தெளிவாகக் காட்டும் பொருள் அரிது. அதன் படிகம் நான்கு பக்க முகங்களும், இரு கோடிகளிலும் கூர்நுனிக் கோபுரமும் கொண்டது. கரைசலில் இரும்பு, குரோமியம், அலுமினியம் ஆகியவற்றின் மூவிணைதிற அயனிகள் மில்லியனில் சில பங்கு இருந்தாலும், அவை பக்க முகங்களின்மேல் படிந்து, முன்னேறும் அடுக்குகளைத் தடுத்து நிறுத்துகின்றன. கோபுர முகங்களோ தொடர்ந்து வளர்கின்றன. அதனால் படிகம் நீளுமேயன்றிப் பருக்காது. சில வேளை பக்கங்கள் உட்சாய்ந்து கூம்பிப் போகும். இதனைக் கண்டதும் குளிர்விப்பைக் குறைக்க வேண்டும் என்று தோன்றும். உண்மையில் குறைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனெனில் சொற்ப அதிபூரிதத்திலேதான் அசுத்தத்தின் தடை முழுமையாக வெல்லுகிறது. பரிகாரம் பொருளை மீண்டும் மீண்டும் படியச் செய்து சுத்தி செய்வதே. ஈ.டி.டி.ஏ. போன்ற பொருளைச் சிறிது சேர்த்து உலோக அயனிகளைக் கட்டிவைப்பதும் உண்டு. அயல்பொருளின் இத்தகைய சக்தியை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்வதும் கூடும்: படிகாரக் கரைசலில் சோடியம் கார்பனேட் சிறிதளவு சேர்த்து அமிலத்தன்மையைக் குறைத்தால், எண்முகமாக வளர்ந்துகொண்டிருந்த படிகத்தில் கனசதுர முகங்கள் தோன்றிப் பெருகுவதைக் காணலாம். மாணவர்களுக்குக் காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த பரிசோதனை எனக்குத் தோன்றவில்லை.

அமினோ அமிலங்களைச் சேர்ந்த படிகங்களில் வேறோர் இடையூறு நேர்கிறது. எல்-ஆர்ஜினின் பாஸ்பேட் போன்றவற்றின் கரைசல் நுண்ணுயிர்களுக்கு நல்ல உணவாதலால், வாரக்கணக்கில் நிற்கும்போது பூஞ்சணம் படர்ந்து கரைசல் நிறம் மாறிவிடுகிறது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு சில துளிகள் சேர்ப்பதாலும், கரைசலின்மேல் ஹெக்ஸேன் படலம் ஒன்றைப் பரப்பிவைப்பதாலும் இதைத் தடுக்கின்றனர்.

குறித்ததொரு திசையிலே நீண்ட படிகம் வேண்டுவோருக்கென்று தமிழ்நாட்டிலேயே பிறந்த முறை ஒன்று உண்டு. சங்கரநாராயணன், ராமசாமி ஆகிய இருவரும் 2005-இல் வெளியிட்ட அம்முறையில், கண்ணாடிக் குழாயின் அடியில் வேண்டிய முகம் மேல்நோக்கியிருக்குமாறு விதையைப் பொருத்தி, அதன்மேல் கரைசலை நிரப்பி, குழாயின் மேற்பகுதியை வளையச் சூடேற்றியால் சற்று வெப்பமாக வைத்து ஆவியாகச் செய்கின்றனர். படிகம் குழாயின் அகலத்தை நிறைத்துக்கொண்டு மேல்நோக்கி ஒரே திசையில் எழுகிறது. கரைந்த பொருள் அநேகமாக முழுவதும் படிகமாகவே மாறிவிடுவதும், பின்னர் திசை பார்த்து அறுக்கும் வேலை மிச்சமாவதும் இதன் சிறப்புகள். விலையுயர்ந்த பொருளைக் கொண்டு வேலை செய்பவருக்கு இவை அற்ப லாபங்கள் அல்ல. இருவர் பெயரின் முதலெழுத்துகளால் எஸ்.ஆர். முறை என்று வழங்கும் இதனைக் கற்றுக்கொள்ள விரும்புவோர், முதலில் சாதாரணக் குளிர்விப்பு முறையில் ஒரு நல்ல படிகத்தையேனும் வளர்த்துப் பழகியிருப்பது நலம்.

வளர்ச்சி போதுமென்று தீர்மானித்தபின் படிகத்தை வெளியே எடுப்பதிலும் ஆபத்து உண்டு. வெதுவெதுப்பான கரைசலிலிருந்து குளிர்ந்த காற்றுக்குத் திடீரென்று வந்தால் மேற்புறம் சுருங்க, உட்புறம் சுருங்காதிருக்க, பெரிய படிகம் நடுவே பிளந்துவிடும்; கே.டி.பி.யில் கையின் சூடு தாக்கியும் இது நேரலாம். கரைசலை வெதுவெதுப்பான குழாய்வழியே வடித்து நீக்கிவிட்டு, மூடிய பாத்திரத்திலேயே படிகத்தை விட்டு, ஓரிரு நாட்கள் தொட்டியோடு சேர்ந்து அறை உஷ்ணநிலைக்கு இறங்கவிடுவது பத்திரமான வழி. எடுத்த படிகத்தை நீரில் கழுவக் கூடாது. ஒட்டியுள்ள கரைசலை மென்மையான பருத்தித் துணியால் உடனே ஒற்றியெடுத்து, கையுறையோடு மட்டுமே தொட வேண்டும்.

சோதிப்பதற்கு இரண்டு போலராய்டு தகடுகளைக் குறுக்காக வைத்து இடையில் படிகத்தைப் பிடித்துப் பார்ப்பது முதற்படி. படிகாரம் கனசதுர வகுப்பைச் சேர்ந்ததாதலால் எத்திசையில் திருப்பினாலும் இருட்டாகவே இருக்க வேண்டும். எங்கேனும் ஒளி கசிந்தால் அங்கே இறுக்கம் உறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். கே.டி.பி.யை அதன் நீள் அச்சின் வழியே நோக்கும்போதுதான் எப்படிச் சுழற்றினாலும் இருட்டு நீடிக்கும். இருட்டறையில் மெல்லிய லேசர்க் கற்றையைப் படிகத்தினூடே செலுத்தினால், சிறைப்பட்ட கரைசலும் நுண்துகளும் ஒளியைச் சிதறச் செய்து தம் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். எக்ஸ் கதிர்ப் பரீட்சைக்கு அனுப்ப வேண்டியதாயின் பெரிய படிகம் தேவையில்லை. அரை மில்லிமீட்டருக்கு உட்பட்ட, குறையற்ற சிறு துணுக்கே போதும். ஆகவே விதை எடுக்கும் தட்டில் கிடைத்த நல்ல சிறு படிகங்களை எறிந்துவிடாமல் தனியே எடுத்துவைக்க வேண்டும்.

சேமிப்பில், எல்லாப் படிகங்களையும் ஒரே விதமாகப் பாதுகாக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. கே.டி.பி.க்குப் பகை ஈரம். மழைக்காலத்துச் சென்னைக் காற்றில் அதன் மெருகிட்ட முகம் மங்கிவிடும். ஆதலால் சிலிக்கா ஜெல் இட்ட உலர்கலனில் வைக்க வேண்டும். படிகாரத்தையும் மயில்துத்தத்தையும் அதே உலர்கலனில் வைத்தால் அவை தம் படிக நீரை இழந்து, மேற்பரப்பு வெளுத்து மாவாகும். அவற்றைச் சிறிய, இறுக மூடிய கண்ணாடிக் குப்பியில், உலர்த்தும் பொருள் எதுவும் சேர்க்காமல் வைப்பதே தகும். ஒவ்வொரு குப்பியின்மேலும் கரைசலின் பூரித உஷ்ணநிலை, விதை இட்ட நாள், எடுத்த நாள், குளிர்வித்த விதம் ஆகியவற்றை எழுதி ஒட்டிவைக்க வேண்டும். அடுத்த வளர்ப்பின் குளிர்விப்புக் கணக்கை அவ்வெண்களிலிருந்தே தொடங்கலாம்.